குப்பையை மிதித்த கதை

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்ததும், இலைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் அள்ளிப் போட்ட பைகள் மண்டப வாசலில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "சார், நீங்க ஏதோ குப்பை மிஷின் செஞ்சிருக்கீங்களாமே, அதைப் பத்தி நம்ம மலர்ல எழுதுங்களேன்" என்றார். மிஷின் என்பது பெரிய வார்த்தை. மின்சாரம் இல்லாமல் காலால் மிதித்து இயக்கும் ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்யப் போய் நான் கற்றுக்கொண்டது, அதைவிடப் பெரியது. அதனால்தான் எழுதச் சம்மதித்தேன்.

நான் கும்பகோணத்திலிருந்து 1976-இல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீடு செம்பூரில். செம்பூர்க்காரர்களுக்கு தேவ்னார் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1927 முதல் மும்பையின் குப்பை வந்து விழுந்த மைதானம் அது. 2016 ஜனவரிக் கடைசியில் அந்தக் குப்பைமலை தீப்பிடித்தது. புகை விண்வெளியிலிருந்து நாஸா எடுத்த படத்தில்கூடத் தெரிந்தது. அக்கம்பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளைச் சில நாட்கள் மூடினார்கள். மார்ச் மாதம் மறுபடியும் தீ.

என் பேத்திக்கு அப்போது நான்கு வயது. ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து உட்கார்ந்திருந்தோம். இருமலுக்கு நடுவே அவள் கேட்டாள்: "தாத்தா, யாரோட குப்பை எரியுது?" "ஊர்க் குப்பைம்மா" என்றேன். "நம்ம குப்பையும் அங்கேதான் போகுதா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

முதலில் அளந்தேன்

தொழிற்சாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கருவியைத் தொடுமுன் அளவை எடு என்பது. எங்கள் வீட்டில் நானும் மனைவியும், மகனும் மருமகளும், பேத்தியுமாக ஐந்து பேர். ஒரு வாரக் குப்பையைத் தராசில் நிறுத்து, 15 கிலோ எண்ணெய் டின்னில் போட்டு அளந்தேன். அந்த டின் சுமார் 18 லிட்டர் கொள்ளும். "என்னங்க, கத்தரிக்காய் காம்பைக்கூடவா எடை போடுவீங்க?" என்று மனைவி சிரித்தாள். போட்டேன்.

காய்கறித் தோல், சாதம், காபிச் சக்கை, பூ முதலிய ஈரக்குப்பை 11 கிலோ. டின் கணக்கில் ஒன்றரை. அட்டைப்பெட்டி, பால் பாக்கெட், பாட்டில், பிஸ்கட் உறை முதலிய உலர்குப்பை இரண்டரைக் கிலோதான்; ஆனால் ஐந்து டின் நிரம்பியது. எடையில் நாலு மடங்குக்கு மேல் ஈரக்குப்பை. இடத்தில் மூன்று மடங்குக்கு மேல் உலர்குப்பை!

இது ஏன்? உலர்குப்பையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. காலி பாட்டிலுக்குள் காற்று, அட்டைப்பெட்டிக்குள் காற்று. ஈரக்குப்பையில் இருப்பதோ தண்ணீர். காய்கறித் தோல்களில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். எங்கள் 11 கிலோவில் எட்டுக் கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். ஆக நாம் மாடியிலிருந்து கீழே சுமப்பதும், மாநகராட்சி லாரி டீசல் செலவழித்து ஊர் கடத்துவதும் பாதிக்கு மேல் காற்றும் தண்ணீரும்தான்.

உடம்பில் பலம் போதுமா?

குப்பையை அமுக்கும் வீட்டுச் சாதனம் புதிதல்ல. அமெரிக்காவில் வேர்ல்பூல் நிறுவனம் 1969-லேயே மின்சாரத்தில் ஓடும் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே குப்பைக்கூடையில் காகிதமும் அட்டையும் தகர டப்பாவும் அதிகம். மோட்டார் ஒரு திருகைச் சுற்றி, ஒரு பலகையைப் பெரும் விசையோடு அமுக்கும். அதற்குப் பதில் நம் உடம்பின் பலமே போதாதா என்பதுதான் என் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டின் நிறைய உலர்குப்பையைச் சராசரியாக 50 கிலோ விசையோடு 30 சென்டிமீட்டர் கீழே தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை 15 கிலோகிராம்-மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 18 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாடிப்படி ஏறினால் செய்யும் வேலை கிட்டத்தட்ட 11. அதாவது ஒரு டின் குப்பையை அமுக்க ஒன்றரைப் படி ஏறினால் போதும்! உராய்வில் பாதி வீணானாலும் மூன்று படிகள். லிஃப்ட் ரிப்பேரானால் நாம் ஏறாத படியா?

அப்படியானால் சிக்கல் எங்கே? சக்தியில் இல்லை, விசையில். தொடக்கத்தில் குப்பை பஞ்சுபோல் இறங்கும். கடைசி சில அங்குலங்களில்தான் முறைக்கும். அங்கே நூற்றுக்கணக்கான கிலோ விசை வேண்டும். சிறிய பலத்தைப் பெரிய விசையாக மாற்றும் வித்தை நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. கிணற்றடி ஏற்றம் நினைவிருக்கிறதா? மேலே ஆள் நடந்தால் அவன் உடம்பு எடையே தண்ணீரை இறைத்துவிடும். அடுக்களையில் சேவை நாழி இருக்கிறதே, திருகைச் சுற்றினால் கெட்டி மாவும் நூலாக இறங்குகிறது.

முதலில் சேவை நாழித் திருகையே யோசித்தேன். கைப்பிடி 15 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்குப் பலகை 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று கொண்டால், கை ஒரு சுற்றில் 94 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. விசை 235 மடங்கு பெருக வேண்டும். திருகில் உராய்வு அதிகம். ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று வைத்தாலும், கையால் 10 கிலோ கொடுத்தால் 470 கிலோ கிடைக்கும். பிரமாதம்தான். ஆனால் 30 சென்டிமீட்டர் இறங்க 75 சுற்று சுற்ற வேண்டும். மறுபடி மேலே ஏற்ற இன்னொரு 75. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த பெண்மணி எவளும் இதைச் செய்யமாட்டாள். திருகைக் கைவிட்டேன்.

முதல் கருவி: முழுத் தோல்வி

நெம்புகோல் என்று முடிவு செய்தேன். டின்னைச் சுற்றி பிளைவுட் பெட்டி, அதன் மேல் விளிம்பில் கீல் வைத்து ஒரு மீட்டர் நீளக் கட்டை. கீலிலிருந்து 20 சென்டிமீட்டரில் அமுக்குப் பலகை. கட்டையின் நுனியில் சாய்ந்து 30 கிலோ கொடுத்தால், பலகையில் 150 கிலோ. பெருமையோடு அன்றைய குப்பையை, ஈரம் உலர் என்று பார்க்காமல் மொத்தமாகக் கொட்டி அமுக்கினேன்.

இரண்டு விபரீதங்கள் நடந்தன. ஒன்று, தக்காளி, சாம்பார், காபிச் சக்கை எல்லாம் பிழிந்து, டின்னின் மூலை வழியாக ஒரு சாறு அடுக்களைத் தரையில் ஓடியது. அந்த நாற்றம் மூன்று நாள் போகவில்லை. இரண்டு, நான்காவது அமுக்கலில் கீலின் திருகாணிகள் பிளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. இது என் தவறு. நுனியில் 30 கிலோ கீழே அமுக்கி, பலகையில் 150 கிலோ வாங்கினால், மீதி 120 கிலோவைக் கீல்தான் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் தொழிற்சாலையில் இருந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"பிழியறதுக்கு இது என்ன புளியா?" என்றாள் மனைவி. அந்த ஒரு கேள்வி என் வடிவமைப்பையே மாற்றியது. ஈரக்குப்பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உலர்குப்பைக்கு மட்டும் கருவி என்று எல்லை வகுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கருவி

இம்முறை வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம். அதனுள் டின் அளவில் கனமான பிளைவுட் பெட்டி. எண்ணெய் டின்னையே பயன்படுத்தினால் பக்கவாட்டில் புடைத்துவிடுகிறது. குப்பை கீழே மட்டுமல்ல, நான்கு பக்கமும் தள்ளும். பெட்டியின் முன்பக்கம் கொக்கி போட்ட கதவு. கதவு இல்லாவிட்டால், அமுங்கிய கட்டி பெட்டிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு மேல்வழியே வராது.

அமுக்குப் பலகை பெட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் சிறியது. அதன்மேல் ஒரு குறுக்குக் கம்பி. அந்தக் கம்பியின் இரு முனைகளிலிருந்தும் பெட்டியின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு இரும்புப் பட்டைகள். அவற்றில் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளைகள். பட்டைகளின் அடிமுனை, தரையை ஒட்டிய மிதியோடு சேர்ந்திருக்கிறது. மிதி, 'ப' எழுத்தைப் படுக்க வைத்தாற்போன்ற சட்டம்: இரண்டு கால்களின் நுனியும் பின்னால் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டுச் சுழலும், குறுக்குப் பகுதி முன்னால் பாதம் வைக்கும் இடம். சுழலும் இடத்திலிருந்து பட்டை 15 சென்டிமீட்டர், பாதம் 75 சென்டிமீட்டர். ஆக ஐந்து மடங்கு. அறுபது கிலோ ஆள் முழு எடையையும் மிதியில் வைத்தால் 300 கிலோ. பெட்டியின் வாய் 24-க்கு 24 சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான அழுத்தம்.

இயக்கும் முறை இதுதான். குப்பையைப் போட்டு, பலகையைக் கையால் போகிற வரை தள்ளுங்கள். குறுக்குக் கம்பியை அருகிலுள்ள துளையில் ஊசி போட்டு மாட்டி, மிதியுங்கள். பாதம் 25 சென்டிமீட்டர் இறங்கும்போது பலகை 5 சென்டிமீட்டர் இறங்கும். மிதியைத் தூக்கி, ஊசியைக் கீழ்த்துளைக்கு மாற்றி, மறுபடி மிதியுங்கள். எளிதாக இறங்கும் தூரத்தைக் கை பார்த்துக்கொள்கிறது. முறைக்கும் கடைசித் தூரத்தைக் கால் பார்த்துக்கொள்கிறது. பலகைக்கு மேலே மூன்று நான்கு மிதியில் வேலை முடிந்துவிடும். பிறகு காலை எடுக்காமல் மிதியை அமுக்கியபடியே சற்று நேரம் நில்லுங்கள். பிளாஸ்டிக் வசந்தம் மாதிரி, விட்டவுடன் துள்ளித் திரும்பப் பார்க்கும். சற்று நேரம் பிடித்து வைத்தால் அடங்கும்.

எங்கள் ஐந்து டின் உலர்குப்பை இப்போது இரண்டு டின் அளவில் கட்டிக் கட்டியாக வருகிறது. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்பதை மறக்கக்கூடாது. போனது காற்று மட்டுமே.

மௌசி சொன்னது

வாரம் ஒன்று கடந்தது. எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பெண்மணியை எல்லோரும் மௌசி என்போம். அட்டையும் பாட்டிலும் உறையும் ஒன்றாக அமுக்கிய என் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். மராத்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: "அண்ணா, இதை நான் எப்படிப் பிரிப்பேன்? பாட்டில் தனியாக இருந்தால் கபாடிக்காரன் காசு கொடுப்பான். அட்டை தனியாக இருந்தால் கொடுப்பான். இப்படி ஒட்டிக் கிடந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். நேரே தேவ்னார்தான்."

எனக்குச் சுரீர் என்றது. பேத்தியின் இருமலில் தொடங்கிய வேலை இது. நான் செய்த கருவி, தேவ்னாருக்குப் போகாமல் தப்பியிருக்கக்கூடிய சரக்கையும் பொட்டலம் கட்டி அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது. அதோடு, அந்த அம்மாளின் அன்றாட வரும்படியில் ஒரு பங்கையும் நான் மிதித்து நசுக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். பால்கனியில் மூன்று சாக்கு: பாட்டிலுக்கு ஒன்று, அட்டை காகிதத்துக்கு ஒன்று, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுக்கும் உறைகளுக்கும் ஒன்று. ஒரு சாக்கு நிறைந்தால் அதை மட்டும் அமுக்கி, சணல் கயிறு கட்டிக் கொடுக்கிறோம். இப்போது மௌசிக்கு ஒரே நடையில் இரண்டு மாடிச் சரக்கையும் இறக்க முடிகிறது. "இது நல்ல மிஷின்" என்று அவரே மற்ற வீடுகளில் சொன்னார். கருவி அதேதான்; பயன்படுத்தும் விதம்தான் மாறியது.

ஈரக்குப்பைக்கு நேர் எதிர் வைத்தியம்

இப்போது அந்த 11 கிலோவுக்கு வருவோம். ஈரக்குப்பையை அமுக்கினால் சாறு வடிவது மட்டுமல்ல; உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் அடைபடும். காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, நாற்றத்தையும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்கும். தேவ்னார் போன்ற மலைகளின் அடியில் நடப்பதும் இதுதான். அந்த வாயுதான் தீயை ஊட்டி வளர்க்கிறது. ஆகவே விதி இப்படி: உலர்குப்பையிலிருந்து காற்றை வெளியேற்று, ஈரக்குப்பைக்குள் காற்றை விடு.

இதற்கும் நம் உடம்பு பலம் போதும். கருவியும் வீட்டிலேயே இருக்கிறது. பெரிய தோல்களை மனைவி அரிவாள்மனையிலேயே இரண்டு நறுக்கு நறுக்கிவிடுகிறாள். துண்டு சிறிதானால் சீக்கிரம் மட்கும். இரவு முழுவதும் ஓட்டைச் சட்டியில் வடியவிட்டு, காலையில் பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டியில் போடுகிறோம். ஒரு பிடி குப்பைக்கு ஒரு பிடி காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள். மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் கிளறிவிடுவது பேத்தியின் பொறுப்பு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்வாசனையோடு உரம் வருகிறது; போட்டதில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. மும்பை மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைக்காது. மே மாதத்திலேயே இரண்டு சாக்கு சேர்த்து வைத்துவிட வேண்டும். நாங்கள் முதல் வருஷம் சேர்க்கவில்லை. ஜூலையில் புழுவும் கொசுவுமாக அண்டை வீட்டாரிடம் திட்டு வாங்கினோம்.

யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் 'குப்பை அடிப்பது' என்றால் வயலுக்கு எரு கொண்டுபோய்ப் போடுவது. குப்பை என்ற சொல்லுக்கே உரம் என்றுதான் பொருள் கொண்டிருந்தோம். ஊரை விட்டு வந்தபோது அந்தப் பொருளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

சில எச்சரிக்கைகள். பலகை இறங்கும்போது பெட்டிக்குள் கை போகவே கூடாது. குழந்தைகள் விளையாடும் வீட்டில் வேலை முடிந்ததும் ஊசிகளைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். கொசு மருந்து போன்ற ஸ்பிரே டப்பா, பேட்டரி, டியூப்லைட், உடைந்த கண்ணாடி இவற்றை ஒருபோதும் அமுக்காதீர்கள். சானிடரி நாப்கின், டயாபர் முதலியவற்றைத் தனியே காகிதத்தில் சுற்றிக் குறியிட்டுக் கொடுங்கள். மிதியின் சுழல் இடத்தில் 240 கிலோ இழுவை இருக்கும். அங்கே திருகாணி ஆகாது, போல்ட்தான்.

கருவி செய்ய இடமோ நேரமோ இல்லாதவர்களும் பாதி வேலையைக் கையாலேயே செய்யலாம். பாட்டிலின் மூடியைத் திறந்து, நசுக்கி, முறுக்கி, காற்று மறுபடி நுழையுமுன் மூடியைத் திருகிவிடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்குங்கள். பால் பாக்கெட்டின் முனையை முழுவதும் வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள்; அந்தச் சின்னத் துணுக்குதான் யார் கைக்கும் அகப்படாமல் சாக்கடைக்குப் போகிறது.

மும்பை மாநகராட்சி 2017-இல், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய குடியிருப்புகள் தங்கள் ஈரக்குப்பையைத் தாங்களே பக்குவம் செய்ய வேண்டும் என்று சொன்னது. எங்கள் கட்டடம் சிறியது, முப்பத்திரண்டு வீடுகள்தான். அந்த ஆணை எங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் இப்போது பதினோரு வீடுகளில் மண்தொட்டி இருக்கிறது. என் மிதியை மாடிப்படியின் கீழ் வைத்துவிட்டேன், வேண்டியவர்கள் வந்து மிதித்துவிட்டுப் போகிறார்கள்.

பேத்தி இப்போது பெரிய வகுப்பு. போன மாதம் அவள் பள்ளித் தோழி வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படியின் கீழ் கிடந்த கருவியைக் காட்டி, "இது எங்க தாத்தா செஞ்சது. நம்ம குப்பை தேவ்னாருக்குக் கொஞ்சமாத்தான் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அன்று அந்தப் புகைக்கு நடுவே அவள் கேட்டதற்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இந்தக் 'கொஞ்சமாத்தான்' மட்டுமே.

அடுத்த பொங்கல் விழாவில் பந்தி முடிந்ததும் இலைகளைத் தனியாகவும் பாட்டில்களைத் தனியாகவும் போட இரண்டு கூடைகள் வைக்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மிதியை நான் கொண்டுவருகிறேன். மிதிக்க இளைஞர்கள் யாராவது முன்வரட்டும்!